முப்பது அங்குல ஆழத்தில் ஒரு முருகைக்கல்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இன்றும் நாலைந்து முருகைக்கல் கிடக்கிறது. அப்பப்பா காலத்தில் போட்டவை. நெடுந்தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வேலியே முருகைக்கல்தான். முந்தி சுண்ணாம்பு சுட்டதும் அதில்தான். பவளம் என்று புத்தகத்தில் படித்தபோதுகூட, எனக்கு அது பெயரிலேயே கல். கல்லுக்கு என்ன வெளிச்சம் வேண்டிக்கிடக்கு?

2019 ஆம் ஆண்டு, ஏ.எல். சோதினை எழுதிவிட்டு றிசல்ற்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள். தெரிந்த ஒருவர் பழைய மீன் தொட்டி ஒன்றை மலிவாகத் தந்தார். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், முப்பது அங்குல ஆழம். கப்பி, கோல்ட்பிஷ் எல்லாம் வளர்த்து அலுத்துப்போயிருந்தேன். கடல் தொட்டி வைக்கவேணும் என்று ஒரு வெறி. இருபது லீற்றர் கானில் பதினாறு கான் கடல் தண்ணி, லான்ட்மாஸ்ரரில் கொண்டுவந்தோம். அம்மா ஒரு கிழமை கதைக்கவில்லை.

முருகைக்கல்லை மண்டைதீவுப் பக்கம் எடுத்தேன். வத்து நேரம், இடுப்பளவு தண்ணி. உள்ளங்கை அளவில் மண்ணிறம் கலந்த பச்சையாய், தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாய் இருந்தது. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த அண்ணை ஒருத்தர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அதைக் கொண்டுபோனா ரெண்டு நாளில மணக்கும்."

"கல்லெல்லோ அண்ணை?"

"கல்லெண்டா மணக்குமோ?"

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். உயிருள்ள கற்பவளத்தைக் கடலில் இருந்து எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம் என்பதும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், சந்தேகம்தான்.

தொட்டிக்கு மேலே 18 வற்ஸ் எல்.ஈ.டி. ரியூப் ஒன்று. அறை முழுக்க வெள்ளை வெளிச்சம், அடியில் கிடந்த மணல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அது போதும். பவளத்துக்குப் போதாது என்பது மூன்றாம் கிழமையில் தெரியத் தொடங்கியது. நிறம் கறுத்தது. ஓரத்தில் தசை சுருங்கி எலும்பு தெரிந்தது. வெளிச்சம் காணாதோ என்று அப்போதுதான் மூளையில் தட்டியது. உடனே ஓடிப்போய், கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற மாதிரியான 100 வற்ஸ் ஃபிளட் லைற் ஒன்றை வாங்கினேன். பவளத்தையும் ஒரு கல்லின்மேல் ஏற்றி, தண்ணி மட்டத்துக்குக் கிட்ட வைத்தேன். ஐந்தாம் நாள் அது வெள்ளை. சுத்த வெள்ளை. என் தங்கச்சி "வடிவாயிருக்கு" என்றாள். பத்தாம் நாள் அதில் பாசி பிடித்தது. அண்ணை சொன்னபடி மணமும் வந்தது.

ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகன் பல வருசமாகப் பவளத் தொட்டி வைத்திருக்கிறார். அவருக்குப் படம் அனுப்பினேன். உடனே கோல் எடுத்தார். "டேய், எத்தனை வற்ஸ் எண்டு பாத்தனியே தவிர, கீழ எவ்வளவு வெளிச்சம் போகுதெண்டு பாத்தனியோ?"

அன்று இரவு இரண்டு மணித்தியாலம் பாடம் நடந்தது. பவளத்தின் தசைக்குள்ளே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு அவை வெளிச்சத்தில் சமைத்துக் கொடுப்பதுதான். நிறமும் பெரும்பாலும் அவற்றால் வருவதுதான். வெளிச்சம் காணாவிட்டால் பவளம் பட்டினி. திடீரென்று கூடினாலோ, பாசிகளின் சமையற்கட்டே நஞ்சாகி, பவளம் அவற்றை வெளியே தள்ளிவிடும். அதுதான் நான் பார்த்த வெள்ளை. கடல் சூடாகும்போதும் இதேதான் நடக்கிறது. 1998 இல் இலங்கைப் பவளங்கள் பெருவாரியாக வெளுத்ததும் சூட்டினால். ஆக, நான் ஒரே பவளத்துக்குப் பட்டினியும் போட்டு, பிறகு சூடும் வைத்திருக்கிறேன்.

பவளம் பாவிக்கும் வெளிச்சத்தை அளக்கிற அளவு 'பார்' எனப்படுகிறது. லக்ஸ், லூமன் எல்லாம் மனிதக் கண்ணுக்கான கணக்கு. கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும்தான் பளிச். பாசிக்கோ நீலம் முக்கியம், ஏனென்றால் ஆழக் கடலுக்குள் இறங்குவது நீலம்தான், சிவப்பு மேலேயே கரைந்துவிடும். அதனால்தான் பவளத் தொட்டிகள் டிஸ்கோ மாதிரி நீலமாய் இருக்கின்றன. எனக்கு அது பகட்டு என்றுதான் பட்டிருந்தது. போனில் இருக்கிற லக்ஸ் அப்பும் இதில் ஏமாற்றும்: நீல விளக்கைக் குறைத்துக் காட்டும்.

நான் எதிர்பார்க்காத விசயம் இன்னொன்று. தொட்டி ஆழமென்றால் தண்ணி வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். முப்பது அங்குலத் தெளிந்த தண்ணி குடிப்பது கொஞ்சம்தான். உண்மையான நட்டம், வெளிச்சம் கீழே போகப்போக விரிந்து ஐதாவதால். அண்ணா தன்னுடைய தொட்டியில் அளந்தபோது மேற்பகுதியில் 400, நடுவில் 200, மணலில் 70. ஒரே விளக்கு, ஒரே தொட்டி. என்னுடைய ரியூப்பின் கீழே 20 கூட வந்திராது என்பது அவருடைய கணிப்பு. வெயில் உச்சிக்கு வரும்போது கடல் மட்டத்தில் 2000 அளவில் இருக்குமாம். என் பவளம் அங்கே இடுப்பளவு தண்ணியில் நின்றது.

ஆழமான தொட்டிக்கு ரியூப் வகை விளக்குகள் காணாது. வெளிச்சத்தைக் குவித்து இறக்குகிற லென்ஸ் உள்ள எல்.ஈ.டி., இல்லாவிட்டால் பழைய 250 வற்ஸ் மெற்றல் ஹேலைட் வேணும். ஹேலைட் எங்கள் ஊர் வெக்கைக்குச் சரிவராது, தண்ணியைக் காய்ச்சிவிடும். அல்லது விளக்குக்கு ஏற்ற பவளத்தை வைக்கலாம். மணலில் 70, 80 பார் கிடைத்தால் மென்பவளங்கள் பல சந்தோசமாக இருக்கும். கிளைவிடும் கற்பவளங்களுக்கு 200க்கு மேல் வேணும், அவை மேலே. எதுவானாலும் புது விளக்கை அரைவாசிக்கும் குறைவில் தொடங்கி, கிழமை கிழமையாகக் கூட்டவேணும். இதையெல்லாம் கேட்டபோது என் பவளம் வாளிக்குள் கிடந்தது.

(2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களில் யோசித்தேன், உயிரோடு இருந்திருந்தாலும் அப்போது செத்திருக்கும். இருட்டினால் இல்லை. இருட்டை ஓரிரு நாள் தாங்கும், பம்ப் நின்றால் தாங்காது.)

2021 இல் வெளியான ஒரு ஆய்வைப் பிறகு வாசித்தேன். 2017 டிசம்பரில் இருந்து 2018 ஜூலை வரை வலித்தூண்டல், பாக்கு நீரிணை, மண்டைதீவு ஆகிய இடங்களில் நீருக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். போர்க்காலம் முழுக்க யாரும் சரியாகப் பார்க்காத கடல். 113 பவள இனங்கள், அதில் 36 இலங்கையில் முன்பு பதிவாகாதவை. அவர்கள் பார்த்து முடித்த அடுத்த வருசம் நான் அதே மண்டைதீவில் கையை விட்டு ஒன்றைப் பிடுங்கியிருக்கிறேன். அது 113இல் எது? எனக்குத் தெரியாது. எலும்பு மேசையில் இருக்கிறது.

போன மாதம் தெரிந்த பெடியன் ஒருவன் வட்ஸ்அப்பில் கேட்டான், "அண்ணா, ஆழத் தொட்டி ஒண்டு கிடக்கு, முருகைக்கல் வைக்க என்ன லைற் வாங்கிறது?" எழுதத் தொடங்கினேன், பார், லென்ஸ், நீலம் என்று நீண்டுபோனது. அழித்துவிட்டு ஒன்றுதான் கேட்டேன்: "எங்கயிருந்து எடுக்கப் போறாய்?"

கன நேரம் நீல ரிக் மட்டும் விழுந்து கிடந்தது. பிறகு, "மண்டைதீவு" என்று வந்தது.

கடல் அமைதியாய் இருக்கிற ஞாயிறு ஒன்றில் மாஸ்க்கோடு இரண்டு பேரும் போவதாக இருக்கிறோம். மத்தியானம், வெயில் நேராக விழுகிற நேரம். வாளி கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.