படிக்கிற கண்களுக்கு



இந்த வாரம் நீங்கள் காணும் பக்கத்தின் முகம் மாறியிருக்கிறது. எழுத்து சற்றுப் பருத்திருக்கிறது. வரிகளுக்கிடையே இடம் கூடியிருக்கிறது. முகப்பில் ஒரே ஒரு படம்தான் உள்ளது. இந்த மாற்றத்துக்காகக் கடந்த சில வாரங்கள் சபை இளைஞர் ஒருவரோடு மாலைவேளைகளில் கணினி முன் அமர்ந்திருந்தேன். அந்த மாலைகளில் கற்றவை பல. வழக்கமான சிந்தனைக்குப் பதிலாக இம்முறை அவற்றைப் பற்றியே எழுத உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

இணையதளத்தின் உள்ளடக்கம் ஓரிடத்திலும் அதன் தோற்றம் வேறோரிடத்திலும் இருக்கும். தோற்றத்தைத் தருவதை இளைஞர்கள் 'தீம்' என்கிறார்கள். வார்ப்புரு என்றும் சொல்லலாம். நாம் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இந்த முறை 2005-ஆம் ஆண்டில், 1.5 என்னும் பதிப்போடு வந்தது. எழுதியவை அனைத்தும் தரவுத்தளத்தில் அப்படியே கிடக்க, வார்ப்புருவை மட்டும் மாற்றினால் முழுத்தளமும் வேறு உடை உடுத்திக்கொள்கிறது. விலையின்றிக் கிடைப்பவையே ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிப் பக்கம் உண்டு. அதில் பனிமலையும் காப்பிக் கோப்பையும் சிரிக்கும் முகங்களும், அவற்றின் நடுவே நேர்த்தியான நாலு வரி ரோமன் எழுத்தும் இருக்கும். பார்த்தவுடன் மனம் பறிபோகும். நம்முடைய தமிழை அதற்குள் ஊற்றிய பிறகுதான் வேலை தொடங்குகிறது.

இளைஞர் தேர்ந்தெடுத்திருந்த வார்ப்புரு உண்மையிலேயே அழகானது. அதில் எங்கள் பழைய கட்டுரை ஒன்றை இட்டதும் தலைப்பு இரண்டு வரியாக மடிந்தது. மேல் வரியிலிருந்த 'ழு' தன் காலை நீட்டி, கீழ் வரியிலிருந்த 'றீ'யின் தலையை மிதித்துக்கொண்டு நின்றது. ரோமன் எழுத்துகளுக்கு மேலும் கீழும் அதிக இடம் வேண்டுவதில்லை. ஆகவே தலைப்பு வரிகளின் உயரத்தை எழுத்தளவைப்போல் 1.1 மடங்கு என்று வைத்துவிடுகிறார்கள். நம் எழுத்துக்கு மேலே மேல்விலங்கும் புள்ளியும், கீழே கீழ்விலங்கும் சுழியும் உண்டு. தலைப்புக்கு 1.4, உடற்பகுதிக்கு 1.8 என்று மாற்றிய பின்னரே எழுத்துகள் மூச்சுவிட்டன.

அடுத்து, பட்டியின் சொற்கள். அந்த வார்ப்புருவில் அவை முழுவதும் பெரிய எழுத்தில், ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு அமைய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லாததால் முதற்கட்டளை எதையும் செய்யவில்லை. இரண்டாவது கட்டளை மட்டும் தன் வேலையைச் செய்து, 'தொடர்பு' என்ற சொல்லை உதிர்ந்த மணிமாலையைப்போல் ஆக்கிவிட்டது. கொம்பும் காலும் தாங்கள் எந்த எழுத்துக்கு உரியவை என்று தெரியாமல் நின்றன. இடைவெளியைச் சுழியமாக்கினோம்.

எனக்கு மிகவும் உறுத்தியது மேற்கோள் பகுதி. வேதவசனங்களை நான் எப்போதும் தனிப்பத்தியாக இடுவது உங்களுக்குத் தெரியும். மேற்கோள் என்றால் சாய்வெழுத்து என்பது அந்த வார்ப்புருவின் விதி. ரோமன் எழுத்தில் சாய்வெழுத்து தனியாக வரையப்பட்ட ஓர் எழுத்துவகை. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒன்று கிடையாது. இல்லாததைக் கேட்டால் உலாவி தானாகவே நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடுகிறது. காற்றில் சாய்ந்த வேலியைப்போல் வசனம் நின்றது. தடித்த எழுத்திலும் இதே கதைதான். எழுத்துருவின் தடித்த வடிவத்தைத் தனியே தராவிட்டால் உலாவி இருப்பதைப் பூசிப் பருக்கவைக்கும். 'ண', 'ஞ' ஆகியவற்றின் உள்வளைவுகள் மையால் அடைத்ததுபோல் ஆகும். இப்போது வசனங்கள் நேராக நிற்கின்றன. இடப்பக்கம் ஒரு மெல்லிய கோடு மட்டும் அவற்றை அடையாளம் காட்டுகிறது.

எந்த எழுத்துருவை வைப்பது என்பதில் எனக்கும் இளைஞருக்கும் இரண்டு மாலைகள் வழக்காடல் நடந்தது. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைத் திரையில் பார்த்தபோது அச்சுப்புத்தகத்தின் வாசனை வந்ததுபோல் இருந்தது. என் மனம் அதன்மேல்தான். முக்த மலரையும் கட்டமரானையும் இளைஞர் காட்டினார், அவையும் நல்லவை. இறுதியில் உடற்பகுதிக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்று தீர்மானித்தோம். காரணம் அழகன்று. ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் அது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. அதற்காக வாசகர் தனியாக எதையும் இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை. மலைப்பாங்கான ஊர்களில் ஒற்றைக்கோடு அலைவரிசையில் நம் பக்கத்தைத் திறக்கிறவர்கள் உண்டு. நான் விரும்பிய செரிஃப் தலைப்புகளில் மட்டும் இருக்கிறது. அது வந்து சேரும்வரை காத்திருக்காமல் தொலைபேசியின் சொந்த எழுத்தைக் காட்டும்படி அமைத்திருக்கிறோம்.

இனி நிறத்துக்கு வருகிறேன். இந்த வேலையின் கனம் எனக்குப் புரிந்த இடம் அதுதான்.

வெண்பரப்பில் இளஞ்சாம்பல் எழுத்து என்பது வார்ப்புரு செய்கிறவர்களின் நீண்டகால விருப்பம். கருமை முரட்டுத்தனமாகத் தெரிகிறது, சாம்பல் மென்மையாக இருக்கிறது என்பார்கள். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிவேறுபாட்டை எண்ணால் அளக்க வழி இருக்கிறது. தூய கருப்பும் தூய வெள்ளையும் சேர்ந்தால் 21-க்கு 1. இணைய அணுகுமைக்கான பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் சாதாரண அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்கின்றன. அழகிய வார்ப்புருவின் சாம்பலை அளந்து பார்த்தோம்: 2.85.

அந்த எண் ஒன்றையே காட்டி இளைஞரை இசையவைத்திருக்கலாம். ஆனால் அவருடைய வாதத்திலும் நியாயம் இருந்தது. "ஐயா, வாசிக்கிறவங்கள்ல பாதிப்பேர் என் வயசுக்காரங்க. பழைய மாதிரி தெரிஞ்சா ஒரு நொடியில மூடிட்டுப் போயிடுவாங்க" என்றார். ஆகவே இரண்டு மாதிரிகளையும் தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு சிலரிடம் காட்டினோம். சபையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாயார் இருக்கிறார். ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்தது, மற்றொன்று காத்திருக்கிறது. அழகிய மாதிரியை அவர் கையில் கொடுத்தோம். விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குய்யா" என்று திருப்பித் தந்தார்.

"என்னம்மா வாசிச்சீங்க?" என்று கேட்டேன்.

"படம் பாத்தேன். எழுத்து இனிமே எனக்கு ஆகாதுய்யா. கண்ணு அவ்வளவுதான்."

அவர் பக்கத்தைக் குறைசொல்லவில்லை. தம் கண்ணைக் குறைசொன்னார். நான் இதுவரை சந்தித்த முதியவர்கள் பலரிடமும் இந்த இயல்பைக் கண்டிருக்கிறேன். படி உயரமாக இருந்தால் தம் முழங்காலை நொந்துகொள்வார்கள். பேசுகிறவர் முணுமுணுத்தால் தம் காதை நொந்துகொள்வார்கள். ஆகவே ஒரு பக்கம் அவர்களை வெளியே நிறுத்திவிட்டது என்ற செய்தி அதைச் செய்தவரை வந்தடைவதே இல்லை. புகார் எழாது. எண்ணிக்கையில் ஒருவர் குறைவார், அவ்வளவுதான்.

அடுத்து எளிய மாதிரியைக் கொடுத்தோம். அதில் எழுத்தளவு 20 பிக்சல், நிறம் ஏறத்தாழக் கருப்பு. அவர் அதைக் கண்ணுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. பிறகு குரலும் வந்தது. முதல் பத்தியை முழுவதும் வாசித்துவிட்டு, அதில் இருந்த ஓர் எழுத்துப்பிழையையும் காட்டினார். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இளைஞர் ஒன்றும் பேசவில்லை. வீட்டை விட்டு வெளியே வந்த பிறகு, "ஐயா, மேல இருக்கிற நீலத்தை மட்டும் நான் வச்சுக்கிறேன்" என்றார். நீங்கள் மேலே காணும் நீலப்பட்டை அவருடையது. அது எனக்கும் பிடித்திருக்கிறது.

எழுத்தளவைப் பற்றிப் பேசும்போது தரங்கம்பாடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1706-இல் அங்கு வந்த சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டு, 1713-இல் வந்து சேர்ந்தன. அவை பெரிய எழுத்துகள். புதிய ஏற்பாட்டை அவற்றால் அச்சிட்டால் கையிலிருந்த தாள் போதாது. ஆகவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். உலோகத்துக்குப் பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறைகளை உருக்கினார்கள் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. 1714-இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் முழுப் புதிய ஏற்பாடும் அச்சாகி முடிந்தன. தாளின் அருமை எழுத்தைச் சுருக்கியது. அந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் நூலே இல்லை. திரையிலோ நீளத்துக்கு விலை கிடையாது. இன்னும் இரண்டு முறை விரலால் தள்ளினால் போயிற்று. அவர்களுக்கு இருந்த நெருக்கடி நமக்கு இல்லாதபோது நாம் எழுத்தைச் சுருக்குவதற்கு வேறு என்ன காரணம் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கள் சபைக்கோ ஊழியத்துக்கோ தளம் அமைக்க எண்ணுகிறவர்களுக்காகச் சில சிறு குறிப்புகள். மாற்றங்களை மூல வார்ப்புருவின் கோப்புகளில் நேரடியாகச் செய்யாதீர்கள். அடுத்த புதுப்பிப்பு வரும்போது அவை அழிந்துபோகும். சேய் வார்ப்புரு ஒன்றை உண்டாக்கி, மாற்றங்களை அதில் மட்டும் வையுங்கள். தாய் புதுப்பிக்கப்பட்டாலும் சேய் தன் உடையை இழக்காது. தளத்தின் மொழியை அமைப்புகளில் தமிழ் என்று குறித்துவிடுங்கள். 'மேலும் வாசிக்க' போன்ற சொற்கள் தமிழில் வருவது அதன் சிறிய பயன். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிக்கவேண்டும் என்பதை அந்தக் குறிப்பைக் கொண்டே அறிகிறது என்பது பெரிய பயன். ஆங்கிலக் குரலில் தமிழைக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

கட்டுரையின் இணைப்பு முகவரியைச் சுருக்கமாக ரோமன் எழுத்திலோ எண்ணிலோ வைப்பதும் நல்லது. தமிழ்ப்பற்று உள்ளவர்கள் என்னோடு சினங்கொள்ள வேண்டாம். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்ளும் குழப்பமான வரிசையாக மாறுகிறது. 'கி' போன்ற எழுத்துக்கு இரண்டு குறியீடுகள் வேண்டும் என்பதால் பதினெட்டு. வேர்ட்பிரஸ் 200 இடங்களோடு வெட்டிவிடும். அதாவது சுமார் இருபத்திரண்டு குறியீடுகள். நடுத்தரமான ஒரு தலைப்புக்கே அது போதாது. வாட்ஸ்அப்பில் அந்த முகவரியைப் பெறுகிறவர் ஏதோ மோசடி இணைப்பு என்று அஞ்சித் திறக்காமலே விட்டுவிடுவார். முகப்பில் வரும் முன்னோட்டத்துக்கு 55 சொற்கள் என்பது இயல்பான கணக்கு. தமிழில் ஒரு சொல்லே சில வேளைகளில் அரை வரி என்பதால் அதை 25 ஆக்கியிருக்கிறோம்.

அரை வரி என்றேனே, அது தொலைபேசியில் முழு வரியாகிவிடுகிறது. 360 பிக்சல் அகலத் திரையில் 48 பிக்சல் தலைப்பு வைத்தால் 'நம்பிக்கையற்றவர்களுக்காக' என்ற ஒரே சொல் திரையின் விளிம்பைத் தாண்டி ஓடுகிறது. தலைப்பைத் தொலைபேசியில் 26 ஆகக் குறைத்திருக்கிறோம். அதற்கும் அடங்காத சொற்கள் உடைந்து அடுத்த வரிக்கு வரும். ஆனால் உடையும் இடம் எப்போதும் சரியாக இருப்பதில்லை. எங்களிடம் இருந்தவை நான்கு தொலைபேசிகள்தாம். உங்கள் கையில் இருப்பதில் ஏதேனும் ஒரு சொல் தவறான இடத்தில் முறிந்து தெரிந்தால் அந்தச் சொல்லையும் தொலைபேசியின் வகையையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். இளைஞர் இம்மாத இறுதிவரை ஊரில் இருப்பார்.