ஆட்டோரவுட்டரைத் திட்டுவதற்கு முன்னால்...

பிசிபி டிசைன் என்று வந்தாலே நம்ம பசங்க இரண்டு கட்சி. ஆட்டோரவுட்டர் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் ஒரு கட்சி. அதைத் தொட்டாலே பாவம் என்று ஒவ்வொரு ட்ராக்கையும் கையால் இழுக்கிறவர்கள் இன்னொரு கட்சி. என்னைக் கேட்டால் சண்டையே தப்பான இடத்தில் நடக்கிறது. லேபில் நான் பார்த்த செத்த போர்டுகள் பலவற்றை ரவுட்டிங் கொல்லவில்லை. லைப்ரரிதான் கொன்றது.

ஆட்டோரவுட்டர் பெரிய மந்திரமெல்லாம் இல்லை. 1961-ல் பெல் ஆய்வகத்தின் சி. ஒய். லீ எழுதிய வழிமுறைதான் இன்றும் பல ரவுட்டர்களுக்குத் தாத்தா. போர்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு பேடில் தண்ணீர் ஊற்றினால் எப்படிப் பரவுமோ அப்படி எண்களைப் பரப்பிக்கொண்டே போகும். அடுத்த பேடைத் தொட்டதும் வந்த வழியே திரும்பி ட்ராக் போடும். வழி இருந்தால் கண்டிப்பாகக் கண்டுபிடித்துவிடும். சிக்கல் என்னவென்றால், முதலில் போட்ட ட்ராக் அடுத்ததற்குக் குறுக்கே சுவராக நிற்கும். அதனால்தான் பிய்த்துப் பிய்த்து மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறது.

அதற்குத் தெரியாதது ஒன்று உண்டு: எந்த ஒயர் முக்கியம் என்பது. மைக்ரோகன்ட்ரோலர் காலுக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டிய 100 நானோஃபாரட் கெபாசிட்டரை நீங்கள் போர்டின் மறுகோடியில் வைத்தாலும், சுற்றிச் சுற்றி ட்ராக் இழுத்து "100 சதவீதம் முடிந்தது" என்று சொல்லிவிடும். கிரவுண்டும் அதற்குப் பத்தோடு பதினொன்று. ஆகவே நான் செய்வது: சப்ளை, கிரவுண்ட், கிரிஸ்டல் மூன்றையும் கையால் போட்டு லாக் செய்துவிட்டு, எல்ஈடி, ஸ்விட்ச் மாதிரி சில்லறை வேலையை அதனிடம் விட்டுவிடுவது. அதுவே திணறினால் என் பிளேஸ்மென்ட் மோசம் என்று அர்த்தம். இலவச விமர்சகர்!

இப்போது லைப்ரரிக்கு வருவோம். நண்பன் ஒருவனின் ரிலே போர்டு, ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்னால் கைக்கு வந்தது. ரிலே அசையவே இல்லை. சர்க்யூட் சரி, ட்ராக் சரி. டிசைனில் 2என்3904. கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்று கொடுத்தது பிசி547. தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தால் முன்னதற்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். பின்னதற்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். நல்லவேளை, திருப்பிப் போட்டால் தீர்ந்தது.

ரெகுலேட்டரில் இந்தத் தப்பு நடந்தால் அப்படித் தப்பிக்க முடியாது. 7805-க்கு இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7905-க்கு கிரவுண்ட், இன்புட், அவுட்புட். பார்க்க அச்சு அசல் ஒரே உருவம். 7905-ன் முதுகுத் தகடுகூட இன்புட்தான், கிரவுண்ட் இல்லை. இரண்டையும் மைக்கா வைக்காமல் ஒரே ஹீட்சிங்கில் முறுக்கினால் சுபம்!

இதையெல்லாம் டிஆர்சி பிடிக்காது. அது வரைபடத்தை விதிகளோடு ஒப்பிடுகிறது. உங்கள் கையில் இருக்கும் பார்ட்டை அது பார்த்ததே இல்லை. கிகேடில் சின்னமும் ஃபுட்பிரின்டும் தனித்தனி. இரண்டையும் கட்டிவைப்பது வெறும் பின் நம்பர். அதனால் நான் உண்மையில் வாங்குகிற பார்ட்களுக்கு மட்டும், டேட்டாஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சொந்தமாகக் குட்டி லைப்ரரி வைத்திருக்கிறேன். பேட்களைக் கொஞ்சம் பெரிதாகவே போடுவேன். வீட்டில் எட்ச் பண்ணிக் கையால் துளை போடும்போது டிரில் பாதிப் பேடைத் தின்றுவிடுகிறதே!

போர்டு ஆர்டர் பண்ணுவதற்கு முன் லேஅவுட்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் ப்ரின்ட் எடுத்து, தெர்மகோலில் ஒட்டி, பார்ட்களைக் குத்திப் பாருங்கள். 40 கால் ஐசியில் முதல் காலிலிருந்து 20-ஆவது கால் வரை ஸ்கேலில் 48.26 மில்லிமீட்டர், அதாவது 48-க்குக் கொஞ்சம் மேலே வரவேண்டும். 46, 47 என்று வந்தால் ப்ரின்டர் செட்டிங்கில் 'ஃபிட் டு பேஜ்' டிக் ஆகியிருக்கும். எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.