கூரைக்கு மானியம் உண்டு, கூத்துக்கு?



தமிழ்ப்பள்ளிக்கு மானியம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கூரை, வேலி, கழிப்பறை, கணினி அறை ஆகியவைதாம். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. பேராவில் உள்ள 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டத்தில் பிறந்தவை. அரசின் பகுதி உதவியை மட்டுமே பெறுபவை. ஒழுகும் கூரையை மாற்றிய பிறகுதான் மற்றதைப் பேச முடியும். ஆனால், கூரை மாறிய பள்ளிகளில்கூட மற்றதைப் பற்றிய பேச்சு எழக் காணோம். மற்றது என்று நான் குறிப்பது நாடகம், வில்லுப்பாட்டு, கும்மி, கோலாட்டம், கதைசொல்லல் முதலிய தமிழ்க் கலைகளை. அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

தோட்டத்தில் இக்கேள்விக்கு விடை இருந்தது. சுங்கை சிப்புட்டுக்கு அருகில் என் பெற்றோர் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். கிராணி செக்ரோலில் ஒரு வரி எழுதுவார், அவ்வளவே. திருவிழாவின் கடைசி இரவில் நாடகம் நடக்கும். ஆர்மோனியக்காரரின் கூலி, உடை வாடகை, ஒலிபெருக்கி வாடகை யாவும் அந்தச் சந்தாவிலிருந்துதான். விண்ணப்பமும் கிடையாது, செயலறிக்கையும் கிடையாது. பணம் கொடுத்தவர்களே பாய் விரித்து முன்னால் அமர்ந்திருந்தார்கள். வசனம் தடுமாறினால் அங்கேயே தணிக்கை நடந்துவிடும்!

இதே வழக்கம் தோட்டத்துக்கு வெளியேயும் பெரிய காரியங்களைச் செய்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கிய காலத்தில், அங்குத் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் அவர் நிதி திரட்டியபோது ஆளுக்கு ஒரு வெள்ளிதான் கேட்டார். பால்மரம் சீவியவர்களும் கொடுத்தார்கள். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும், பத்துப் பத்து வெள்ளியாகத்தான் சேர்ந்தது. தோட்டங்களை வாங்குவதற்கென்று பிறந்த அச்சங்கம், பிற்காலத்தில் தமிழ் நாவல் போட்டிகளுக்கும் நூல் பரிசுகளுக்கும் புரவலராக நின்றது. தமிழ் நேசன் சிறந்த சிறுகதைகளுக்குப் பவுன் பரிசு கொடுத்தது. அந்த நாளிதழும் 2019இல் நின்றுபோயிற்று.

இவற்றில் ஒன்று கவனிக்கத்தக்கது. எழுத்துக்கு எப்படியோ புரவலர் கிடைத்திருக்கின்றனர். மேடையேறும் கலைக்கு அந்த மாரியம்மன் சந்தாவைத் தவிர வேறு புரவலர் இருந்ததாகத் தெரியவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின், மக்கள் புந்தோங்கிலும் செம்மோரிலும் தாமான்களிலுமாகச் சிதறினார்கள். செக்ரோல் போயிற்று, அதிலிருந்த அந்த ஒரு வரியும் கூடவே போயிற்று.

இன்று அதன் இடத்தில் இருப்பவை விண்ணப்பப் பாரங்கள். எங்கள் பள்ளியில் பதினான்கு மாணவர்களைக் கொண்ட ஒரு நாடகக் குழு உண்டு. தோட்டத்து மேடைகளில் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவர் அவர்களுக்குப் பாட்டும் வசன உச்சரிப்பும் சொல்லித் தருகிறார். இருபது வாரப் பயிற்சிக்கு 3,000 வெள்ளி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். “பயன்பெறுவோர் பதினான்கு பேர்தானா? ஒரு நாள் நிகழ்ச்சியாக மாற்றி, இருநூறு பேர் என்று எழுதுங்கள் ஆசிரியர்” என்று அங்கிருந்தவர் அன்போடுதான் சொன்னார். அவ்வாறே மாற்றினோம், பணமும் வந்தது. பதாகைக்கு, சட்டைகளுக்கு, உணவுப் பொட்டலங்களுக்கு, ஒலிபெருக்கிக்கு என்று ஒரே நாளில் கரைந்தது. பெரியவருக்குக் கிடைத்தது ஒரு பொன்னாடை. பயிற்றுநர் ஊதியத்துக்கு அந்தப் பாரத்தில் கட்டமே இல்லை. தமிழ் நாடகத்தின் கதைச் சுருக்கத்தை மலாய்மொழியில் எழுதிக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். அரசு அலுவல்மொழி அது; முறையும் அதுவே. ஆனால், விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அந்நாடகத்தில் எது அருமை என்று எப்படித் தெரியும்?

இவ்விடத்தில் அயர்லாந்தைச் சொல்லத் தோன்றுகிறது. ஐரிஷ் மொழி அந்நாட்டு அரசியலமைப்பின்படி முதல் ஆட்சிமொழி, பள்ளிதோறும் கற்பிக்கப்படுகிறது. இருந்தும், 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்மொழி பேசத் தெரியும் என்றவர் ஏறத்தாழ 18 இலட்சத்து 74 ஆயிரம் பேர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுகிறோம் என்றவரோ 72 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. பள்ளி மட்டுமே ஒரு மொழியைத் தாங்கிவிடும் என்று நம்பும் நம்மைப் போன்றோர் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே ஐரிஷ் பேசும் வட்டாரங்களின் வளர்ச்சி ஆணையமும் கலை மன்றமும் சேர்ந்து, 1997 முதல் அவ்வட்டாரக் கலைகளுக்கென்றே ஒரு நிதித் திட்டத்தை நடத்துகின்றன. கலைஞர் தம் மொழியிலேயே விண்ணப்பிக்கலாம். வட்டாரத்தை அறிந்த கலை அலுவலர்களும் உண்டு. அயர்லாந்து அரசு அம்மொழிக்குத் தரும் இடம் இங்குத் தமிழுக்கு இல்லை. அதை எதிர்பார்த்தும் நான் எழுதவில்லை. படிப்பவர் மொழி அறிந்தவராக இருப்பது என்ற அந்த ஒன்றையாவது நம் சொந்த அறவாரியங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் செய்யலாமே! கும்பாபிசேகத்துக்கு இலட்சங்கள் சேர்க்கத் தெரிந்த சமுதாயம்தானே நாம்?

எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினோம். “பிள்ளைக்கு டியூசன் கட்டணமே கட்ட முடியவில்லை, இதில் நாடகம் வேறா, டீச்சர்?” என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான், விடை சொல்ல எனக்கு எளிதாக இல்லை. இறுதியில் முப்பத்தொரு குடும்பங்கள் மாதம் பத்து வெள்ளி தர முன்வந்தன. கேள்வி கேட்ட தாயாரும் அவர்களுள் ஒருவர். சனிக்கிழமைதோறும் பெரியவருக்கு எழுபது வெள்ளி கொடுக்கிறோம். முதல் முறை வாங்க மறுத்தார். இப்போது கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறார்.

மானியத்தை நாங்கள் கைவிட்டுவிடவில்லை. இவ்வாண்டு விண்ணப்பத்தில் ‘பயிற்றுநர் ஊதியம், இருபது வாரம்’ என்று ஒரு வரியை நாங்களே சேர்த்து, பெற்றோர் சந்தாவின் கணக்கையும் இணைத்து அனுப்பியிருக்கிறோம். மற்றப் பள்ளிகளும் அவ்வரியைச் சேர்த்து எழுதினால், என்றாவது அது பாரத்தில் ஒரு கட்டமாக வரக்கூடும். எங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துவிட்டது. ஈப்போவில் பழுதுபார்ப்பவர் 180 வெள்ளி கேட்கிறார். இந்த மாதச் சந்தாவில் மிச்சம் முப்பது வெள்ளிதான் இருக்கிறது.