வாஷர் அடுக்கின் கணக்கு

வண்டி கொண்டுவருகிறவரிடம் இந்த மெக்கானிக் முதலில் கேட்பது எடையை. "நீங்க எத்தனை கிலோ சார் இருப்பீங்க?" அடுத்தது, "பின்னாடி பை கட்டுவீங்களா?" அதற்கும் அடுத்து, "கல்லு ரோடா, மண்ணா, மணலா?" வண்டியின் பெயரைக் கேட்பதில்லை, அதுதான் கண்ணெதிரே நிற்கிறதே. சென்னைப் புறநகரில், சிறுசேரி சிப்காட்டின் உயரக் கட்டடங்களைத் தாண்டித் தாழம்பூர்ப் பக்கம் போகும் வழியில் இருக்கும் அவருடைய தகரக் கொட்டகையில் என்ஜின் வேலை கிடையாது. முன் ஃபோர்க், பின் ஷாக் அப்சார்பர், இரண்டு மட்டும்தான். காட்டுப்பாதை வண்டிகளின் ஷாக் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. கேட்டதும் ஒப்புக்கொண்டார். "உக்காந்து பாருங்க. மேசை மேல மட்டும் கை வெச்சிடாதீங்க."

வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்து மென்பொருள் அலுவலகங்களில் வேலை பார்க்கிறவர்கள். வாரம் முழுக்கப் பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ தோண்டிய பள்ளங்களில் ஓட்டுகிறார்கள், சனி ஞாயிறில் மலைப்பாதை தேடிப் போகிறார்கள். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், கேடிஎம் என்று கலந்து நிற்கின்றன வண்டிகள். ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு 2016இல் கொண்டுவந்த முதல் ஹிமாலயனில் முன்சக்கரம் 200 மில்லிமீட்டரும் பின்சக்கரம் 180 மில்லிமீட்டரும் மேலும் கீழும் போய்வரும். 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸில் இது 190, 170. நடுத்தர வருமானக்காரர் வாங்கக்கூடிய விலையில் இவ்வளவு நீளமான ஷாக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் இவர் போன்றவர்களுக்கு நிரந்தரமாக வேலை வந்தது. தொழிற்சாலை ஒரே அமைப்பில்தான் வண்டியை அனுப்ப முடியும். 55 கிலோ ஆளும் 100 கிலோ ஆளும் அதே ஸ்பிரிங்கின் மேல்தான் உட்கார்கிறார்கள். அந்த இடைவெளியைச் சரிக்கட்டுவதுதான் இங்கே நடக்கும் தொழில்.

அன்று மேசையில் ஒரு முன் ஃபோர்க் திறந்து கிடந்தது. ஸ்பிரிங் ஒருபக்கம், ஃபோர்க்குக்குள் இருந்த கம்பி ஒருபக்கம். ஸ்பிரிங்குக்கு அடியை வாங்கத் தெரியும், வைத்துக்கொள்ளத் தெரியாது. அமுங்கும்போது வாங்கிய சக்தியை அப்படியே திருப்பித் தள்ளிவிடும். அதை விழுங்குவது எண்ணெய். பிஸ்டன் எண்ணெய்க்குள் போகும்போது எண்ணெய் குறுகலான வழியில் பிதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. அந்த உராய்வில் சக்தி சூடாக மாறுகிறது. டேம்பிங் என்பது முழுக்க இந்த வெப்பக் கணக்குதான். கரடுமுரடான பாதையில் ஓட்டிவிட்டு வந்த வண்டியின் பின் ஷாக்கைத் தொட்டால் கை சுடும். சூட்டில் எண்ணெய் இளகினால் தடையும் குறையும். ஓட்டம் தொடங்கியபோது நன்றாக இருந்த வண்டி ஒரு மணி நேரத்தில் படகுபோல ஆடுவதற்கு இதுதான் காரணம்.

மேசையில் கிடந்த ஃபோர்க்கின் கம்பியில் இருந்தவை வெறும் துளைகள். மலிவான ஃபோர்க்குகளில் எண்ணெய் இந்தத் துளைகள் வழியாகத்தான் போக வேண்டும். துளையின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக அமுங்குகிறது, தடை போதவில்லை, வண்டி மூக்கு குத்துகிறது. அதே ஃபோர்க் ஒரு கூரான கல்லில் மோதினால் எண்ணெய் போக வழியில்லாமல் இரும்புத் துண்டுபோல இறுகி, அடி நேராக மணிக்கட்டுக்கு வருகிறது. வேகம் என்று இங்கே சொல்வது ஷாக்கின் கம்பி நகரும் வேகம். வண்டி 20 கிலோமீட்டரில் போனாலும் கூரான கல்லில் ஏறும் கணத்தில் கம்பி மிக விரைவாக நகரும். நெடுஞ்சாலையில் 100இல் போய்ப் பிரேக் பிடித்தால் கம்பி நிதானமாகத்தான் அமுங்கும். இந்த ஒன்றைப் புரியவைத்தால் பாதி வேலை முடிந்தது என்கிறார் அவர்.

இதற்குத் தீர்வாக வந்தவைதான் ஷிம்கள். மேசையில் கை வைக்கக் கூடாததற்குக் காரணமும் இவையே. பிஸ்டனில் இருக்கும் பெரிய துளைகளை மெல்லிய எஃகு வாஷர்களின் அடுக்கால் மூடிவைக்கிறார்கள். எண்ணெய் தள்ளும்போது வாஷர்களின் விளிம்பு வளைந்து வழிவிடும். தள்ளும் வேகம் கூடினால் கூடுதலாக வளையும், வழியும் கூடுதலாகத் திறக்கும். அதனால் தடை கட்டுமீறி ஏறாது. ஒவ்வொரு வாஷரும் 0.10, 0.15, 0.20 மில்லிமீட்டர் கனம். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அவர் மைக்ரோமீட்டரில் அளந்து, கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து, நோட்டில் வரிசையை எழுதிய பிறகே துடைக்கத் தொடங்குகிறார். கனம் இரண்டு மடங்கானால் வாஷரின் விறைப்பு எட்டு மடங்காகும். ஒரு 0.10 போக வேண்டிய இடத்தில் 0.20 போய்விட்டால் அந்த ஷாக்கின் குணமே வேறு.

அன்று ஒரு வண்டியின் பின் ஷாக்கில் அவர் செய்த மாற்றம் மிகச் சிறியது. அடுக்கின் நடுவே குறைந்த விட்டமுள்ள ஒரு வாஷரைச் செருகினார். இப்போது முதலில் மெல்லிய வாஷர்கள் மட்டும் வளையும். அவை வளைந்து மேலே உள்ளவற்றைத் தொட்ட பிறகு முழு அடுக்கும் சேர்ந்து தாங்கும். சின்னக் கற்களில் மென்மை, பெரிய குதிப்பில் கடினம். வாஷரைக் கண்ணாடிப் பலகையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தார். பிசிறோ தூசியோ இருந்தால் அடுக்கு முழுதாக மூடாது. அந்த ஒரு வாஷருக்காகக் காலைப்பொழுது போனது. நான் பார்த்த கைவேலைகளில் இவ்வளவு நுணுக்கமாகக் கண்ணும் விரலும் சேர்ந்து இயங்கிய வேலைகள் குறைவு.

வாடிக்கையாளர்களில் பலர் ஷாக்கைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் திரும்புகிறார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கர அச்சிலிருந்து மட்கார்டில் ஒட்டிய ஒரு புள்ளிவரை டேப்பால் அளக்கிறார். பிறகு வண்டியை இறக்கித் தன் எடையிலேயே நிற்கவிட்டு ஓர் அளவு. கடைசியாக ஓட்டுநரை ஹெல்மெட், பூட்ஸ், பையோடு உட்காரவைத்து இன்னோர் அளவு. முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது ஆள் உட்கார்ந்தபின் தாழ்வு, சக்கரம் மேலும் கீழும் போய்வரும் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 180 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள ஹிமாலயனுக்கு 60. இல்லையென்றால் ஸ்பிரிங்கின் மேலுள்ள வளையத்தைத் திருகி இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திருகினால் ஸ்பிரிங் விறைப்பாகாது, வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். ஆள் உட்கார்ந்த அளவு சரியாக வந்தும், வண்டி தனியாக நிற்கும்போது கொஞ்சமும் தாழவில்லை என்றால், ஸ்பிரிங் மென்மையானது என்று பொருள். கனத்த ஆளைத் தாங்குவதற்காக அதை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். வண்டி தனியாகவே நிறையத் தாழ்ந்தால் ஸ்பிரிங் அந்த ஆளுக்கு மிஞ்சிய விறைப்பு. பார்வைக்குத் தலைகீழாகத் தோன்றும் இந்த உண்மையை இரண்டே அளவுகளில் அவர் காட்டியபோது, கூட நின்ற இளைஞர் டேப்பை வாங்கித் தானே மறுபடி அளந்து பார்த்தார்.

அடுத்தது ரீபவுண்ட், அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகம். வேகமாக எழுந்தால் குதித்து இறங்கும்போது வண்டியின் பின்பக்கம் ஆளைத் தூக்கி எறியும். மெதுவாக எழுந்தால் வேறு வகைத் தொல்லை: அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் முழுதாக இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், ஷாக் படிப்படியாகக் கீழே போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு ஷாக் கடினமாக இருப்பதாகத் தோன்றும். அமுங்கும் பக்கத்துத் தடையை அந்த ஓட்டுநர் குறைப்பார், அது இன்னும் ஆழமாகப் போகும். "ரொம்பப் பேரு இந்த எடத்துலதான் சார் தப்பான பக்கம் திருகுறாங்க" என்றார். அவருடைய முறை எளிது. தடையை மாற்றும் திருகாணியை முழுக்க மூடும்வரை எத்தனை கிளிக் என்று எண்ணி நோட்டில் எழுதுவார். பிறகுதான் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மாற்றத் தொடங்குவார். ஒரு நேரத்தில் ஒரு திருகாணி, ஒரே பாதை, ஒரே வேகம். ஓட்டிப் பார்க்கக் கொட்டகைக்குப் பின்னால் அனுமதி வாங்கிய ஒரு காலி மனை இருக்கிறது. சுற்று வட்டார ஏரிக்கரைகளில் வண்டி ஏற்றுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. கரை இளகினால் மழையில் ஊருக்குத்தான் ஆபத்து என்கிறார். எனக்கும் அதே கருத்துதான்.

உதவிக்கு இருக்கும் தம்பி தாம்பரத்திலிருந்து வருகிறார், ஐ.டி.ஐ. முடித்தவர். "படிச்சப்ப ஷாக்கைக் கழட்டி மாட்டுனதோட சரிண்ணா. உள்ள என்ன இருக்குன்னு இங்க வந்துதான் பாத்தேன்." ஒழுகும் ஆயில் சீல்கள் அவர் பொறுப்பு. பல நேரம் சீல் கெட்டிருக்காது, விளிம்பில் மண் துகள் சிக்கியிருக்கும். பழைய புகைப்பட ஃபிலிம் துண்டைச் சீலுக்குள் நுழைத்துச் சுற்றி எடுத்தால் மண் வந்துவிடும், ஒழுகல் நிற்கும். ஸ்டூடியோக்களில் ஃபிலிம் கிடைக்காததால் இப்போது மெல்லிய பிளாஸ்டிக் தாளை வெட்டிக்கொள்கிறார். ஃபோர்க் ஆயில் ஊற்றும்போது டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும் 10W என்ற எழுத்தை நம்புவதில்லை. ஒரு கம்பெனியின் பத்தும் இன்னொன்றின் பத்தும் ஒரே கெட்டியாக இருப்பதில்லை. 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்ற சின்ன எழுத்தைப் படிக்கிறார். எண்ணெயின் மட்டத்தையும் மில்லிமீட்டரில் அளக்கிறார். மேலே அடைபடும் காற்று கடைசி ஓட்டத்தில் இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்வதால் ஐந்து மில்லிமீட்டர் உயர்த்தினாலும் குதிப்பில் வித்தியாசம் தெரியும். பின் ஷாக்கை மட்டும் தம்பியிடம் தனியே விடுவதில்லை. அதற்குள் சுமார் 10 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. எண்ணெய் நுரைக்காமல் காப்பது அந்த வாயு. அதை வெளியேற்றாமல் திறந்தால் பாகம் குண்டுபோலப் பறக்கும்.

உலகத்தில் இந்தத் தொழிலைத் திருப்பிப் போட்ட ஆண்டுகளில் ஒன்று 1973. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் வடிவமைத்த ஒற்றைப் பின் ஷாக்கோடு யமஹாவில் ஹோகன் ஆண்டர்சன் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார். அதற்குப் பிறகு சக்கர ஓட்டம் மளமளவென்று நீண்டது. இன்றைய மோட்டோகிராஸ் வண்டிகளில் அது 300 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. நம் பக்கத்தில் சி.எஸ்.சந்தோஷ் 2015இல் டக்கார் பந்தயத்தை 36ஆம் இடத்தில் முடித்தார். மோட்டார்சைக்கிளில் அதை முடித்த முதல் இந்தியர் அவர். 2024இல் ஹரித் நோவா ஒட்டுமொத்தத்தில் 11ஆம் இடம் பிடித்தார். அவர் ஓட்டியது ஓசூர் டிவிஎஸ்ஸும் பிரான்சின் ஷெர்கோவும் சேர்ந்த அணிக்காக. அந்த வெற்றிகளில் ஓட்டுநரின் பெயர் பதிவாகிறது. ஒவ்வொரு இரவும் கூடாரத்தில் ஷாக்கைத் திறந்து மூடியவர்களின் பெயர் எங்கும் வருவதில்லை.

சிறுசேரியிலும் இதே கதைதான். ஆயிலுக்கும் சீலுக்கும் பில் கேட்டு மறுபேச்சின்றிக் கொடுப்பவர்கள், வாஷர் அடுக்குக்குக் கேட்ட கூலியில் பேரம் பேசுவதை நான் பார்த்தேன். அவர் விற்பது பொருளை அல்ல என்பதால் அதன் விலை அவர்களுக்குத் தெரிவதில்லை. ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் ஷாக்கைத் திறந்து, அளந்து, அடுக்கி மாட்டும் பயிற்சியைத் தனியாகத் தர வேண்டும். மோட்டார் தொழிலையே நம்பியிருக்கும் சென்னைப் புறநகருக்கு அது வீண்செலவாகாது. உங்களிடம் இப்படியொரு வண்டி இருந்தால், புதிய ஷாக் வாங்கப் பணம் சேர்க்கும் முன் ஒரு டேப்பும் ஒரு நண்பரும் போதும், தாழ்வை அளந்துவிடுங்கள். எந்தத் திருகாணியைத் தொட்டாலும் பழைய கிளிக்கை முதலில் எழுதிவையுங்கள். அதற்கும் மேல் வேலை தேவைப்பட்டால் இப்படிப்பட்ட ஒரு கொட்டகையைத் தேடிப் போங்கள், கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.