வளைவில் பிறக்கும் வேகம்

வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மில் பலர். பிள்ளைகளின் பொழுதை அது விழுங்கிவிடும் என்ற கவலை நியாயமானதே. ஆயினும் அவர்கள் எதில் மூழ்கிக் கிடக்கிறார்களோ, அதை நாமும் சற்று அருகில் அமர்ந்து பார்த்தால், கண்டிக்கவும் கற்பிக்கவும் வழி பிறக்கும். அவ்வாறு பார்த்து நான் அறிந்த ஒன்றை இங்கே கூற விரும்புகிறேன்.

என் மகனுக்கு வயது 13, மகளுக்கு 8. இருவரும் விரும்பி ஆடுவது ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ என்னும் சிறு வண்டிப் பந்தயம். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1992-இல் தொடங்கிய வரிசையில் 2017-இல் வெளிவந்தது அது. விடுமுறை நாள்களில் மாலை ஒரு மணி நேரம் மட்டுமே ஆடலாம் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் மகளின் கண்ணீரில்தான் முடியும். “எப்பொழுதும் காக்காவுக்கே வெற்றி. எனக்கு எதுவுமே வராது” என்பாள். விளையாட்டுத்தானே என்று இதை எப்படி ஒதுக்குவது? பள்ளிக் கணக்கைச் செய்யும்போதும் அவள் அதே சொல்லைச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

ஆகவே மகனை அருகில் அமர்த்தி, அவன் வெல்லும் வகையைக் கேட்டேன். அவன் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. இவ்விளையாட்டில் வேகம் நேர்ச்சாலையில் அன்று, வளைவில்தான் பிறக்கிறதாம்! வளைவு நெருங்கும்போது தோள்பட்டைப் பொத்தானை அழுத்திப் பிடித்துத் திருப்பினால், வண்டி ஒரு துள்ளுத் துள்ளிப் பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கும். இதனை ‘டிரிப்ட்’ என்பார்கள். சறுக்கல் நீள நீளச் சக்கரங்களில் முதலில் நீலப் பொறியும், அடுத்து ஆரஞ்சுப் பொறியும், இறுதியில் ஊதாப் பொறியும் பறக்கும். பொத்தானை விட்டவுடன் வண்டி சீறிப் பாயும். நீலத்துக்குச் சிறு பாய்ச்சல். ஊதாவுக்கு நெடும் பாய்ச்சல். அவசரப்பட்டு முன்னரே விட்டால் பலன் குறைவு. பேராசையால் மிகுதியாகப் பிடித்திருந்தால் சுவரில் மோதிச் சேர்த்ததெல்லாம் வீணாகும்.

தொடக்கத்திலும் இதே நியாயம்தான். 3, 2, 1 என்று எண்ணும்போது, 2 தோன்றும் தருணத்தில் விசையை அழுத்தியவருக்கு முதல் பாய்ச்சல் கிடைக்கும்; முந்திக்கொண்டவரின் வண்டி திணறி நின்றுவிடும். வழியில் கிடக்கும் நாணயங்களை 10 வரை சேர்த்தால் உச்ச வேகம் கூடும். முன்னே செல்பவரின் பின்னால் ஒட்டியே ஓடினால், சற்று நேரத்தில் அதுவும் ஒரு தள்ளு கொடுக்கும்.

இந்த முறை எப்போதும் இப்படியே இருந்ததில்லை. 1996-இல் வந்த ‘மரியோ கார்ட் 64’-இல் சறுக்கும்போது விசைக்குச்சியை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். 2005-இல் வந்த பதிப்பில் கைதேர்ந்தவர்கள் நேர்ச்சாலையிலும் பாம்பைப் போல நெளிந்து நெளிந்து ஓயாமல் வேகம் பெற்றனர். 2008-இல் அந்த ஆட்டும் முறை நீக்கப்பட்டது. சறுக்கலைப் பொறுமையாகத் தாங்கி நிற்பவருக்கே பலன் என்றாயிற்று.

இதையெல்லாம் கேட்டபின் மகளின் வண்டியைக் கவனித்தேன். அதன் பின்புறம் சிறு ஆண்டெனா ஒன்று நின்றது. அது ‘ஸ்மார்ட் ஸ்டியரிங்’ என்னும் துணையின் அடையாளம் என்றான் மகன். வண்டி பாதையை விட்டு விழாமல் அது தானே திருப்பிக் காக்கும். புதிதாக ஆடுவோருக்கு அருமையான உதவி. ஆனால் அத்துணை இருக்கும்வரை ஊதாப் பொறி பறக்காது! விழாமல் காக்கும் கையே, உச்சத்துக்குச் செல்லாமலும் தடுத்து வைக்கிறது.

முடிவை மகளிடமே விட்டேன். நெடுநேரம் யோசித்து, “எடுத்துவிடுங்கள், உம்மா” என்றாள். அண்ணனே ஆசானானான். 7 சுற்றுகள் கொண்ட நீள்வட்டமான ‘பேபி பார்க்’ பாதையில் பழக்கினான். முதல் வாரம் மற்றப் பாதைகளில் அவள் விழாத வளைவே இல்லை. முன்னினும் மோசமாகத் தோற்றாள். மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, “ஊதா! ஊதா!” என்று அவள் கூவியது அடுப்படி வரை கேட்டது. அன்றும் வென்றவன் அண்ணன்தான். ஆனால் அவள் அழவில்லை. அதற்குப் பின் ஒருநாள் கணக்குப் புத்தகத்தோடு வந்து, “நானே போட்டுப் பார்க்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்” என்றாள்.

மகனுக்கு மட்டும் தனியே ஒன்று சொல்லிவைத்தேன். உண்மைச் சாலையில் சறுக்கும் சக்கரம் பிடியையும் வேகத்தையும் இழக்கிறது. அங்கே பொறியும் இல்லை, பாய்ச்சலும் இல்லை, விழுந்தால் தூக்கிவிட ஆளும் இல்லை. நாளை மோட்டார் சைக்கிளில் ஏறப்போகும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விடலாகாது.

வாசகர்களே! நம் பிள்ளைகளின் முதுகிலும் நாம் பொருத்திவைத்த ஆண்டெனாக்கள் எத்தனையோ உண்டு. எதனை இன்னும் சில காலம் விட்டுவைப்பது, எதனை இன்றே கழற்றுவது என்பதைப் பிள்ளையோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள். கழற்றிய பிறகு சில நாள்கள் அவர்கள் விழுவார்கள். அந்நாள்களில் அருகில் இருங்கள். ஆனால் திருப்பும் விசையில் கை வைக்காதீர்கள்.