கிணற்றடிப் பேரேடு

பி.காம். படித்தவனை ஊரில் சும்மா விடமாட்டார்கள். கோயில் கொடை வரவு செலவு, கல்யாண மொய் நோட்டு என்று எதையாவது நீட்டுவார்கள். இந்த முறை அச்சன்புதூர் போனபோது இன்ஜினீயரிங் படிக்கும் அண்ணன் மகன் நீட்டியது, ஒரு மஞ்சள் போர்டு.

''சித்தப்பா, இதுல உள்ள கணக்கைக் கொஞ்சம் பாருங்க.''

விஷயம் கிணறு. தாத்தா வெட்டியது. அண்ணனுக்கும் பெரியப்பா மகனுக்கும் பொது. ஒரே மோட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை, காலை ஆறு மணிக்குக் கை மாறும். அனுமன் நதியில் தண்ணீர் ஓடி, குளம் நிறைந்திருக்கும்போது யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பங்குனி, சித்திரையில்தான் வம்பு. தமிழ்நாட்டில் 1990-லிருந்து விவசாயத்துக்குக் கரன்ட் இலவசம். மோட்டார் எவ்வளவு ஓடினாலும் பில் கிடையாது. குறைவதெல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான்.

சண்டையைத் தீர்க்கப் பையன் கண்டுபிடித்த வழி இந்த போர்டு. மோட்டார் வயரைச் சுற்றி ஒரு வளையம். கரன்ட் ஓடினால் அது உணரும். ஓடிய நேரமும் நின்ற நேரமும் மெமரி கார்டில் வரிவரியாக ஏறும். தொட்டால் திரையில் வரும்.

2005-ல் இத்தாலியின் இவ்ரியா ஊரில் சில ஆசிரியர்கள், மாணவர்களுக்காக ஆர்டுயினோ என்ற மலிவான போர்டு செய்தார்கள். பெயர், அங்கிருந்த ஒரு மதுக்கடையுடையது! (நம் ஊரில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.) அதில் பிரபலமான ஊனோ மாடலுக்கு வேலை செய்யும் நினைவகம் 2,048 பைட். இந்தத் திரையிலோ 320-க்கு 240 என்று 76,800 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் என்றால் 1,53,600. எழுபத்தைந்து மடங்கு பற்றாக்குறை! ஷாங்காய் கம்பெனி ஒன்று 2016-ல் கொண்டுவந்த இ.எஸ்.பி.32 சிப்பில் 520 கிலோபைட். அதனால்தான் இந்தப் பொடி போர்டு திரையையும் பார்த்துக்கொண்டு கணக்கும் எழுதுகிறது. திரையும் அழுத்தத்துக்கு மசியும் ரகம். சேற்று விரலால் அழுத்தினாலும் கேட்கும்.

சண்டை தீரவில்லை. முற்றிவிட்டது.

அண்ணன் திரையைப் பார்த்திருக்கிறார். பெரியப்பா மகன் முறை நாளில் மோட்டார் 4.10-க்கே ஓடியிருக்கிறது. நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போய், நாலு பேர் முன்னால் ''தண்ணித் திருடன்'' என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். தெருவில் எங்களுக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை.

நான் ஆரம்பத்திலிருந்து வரிவரியாகப் பார்த்தேன். முதல் நாட்களில் அவர் தொடங்கியது 6.05, 6.10. திடீரென்று ஒருநாளிலிருந்து 4.10, 4.05. சரி, அண்ணன் கணக்கு? தினமும் சாயங்காலம் ஆறரைக்கு நிறுத்துகிறவர், அதே நாளிலிருந்து நாலரைக்கு நிறுத்தியதாக இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே தொகை இடித்தால், தப்பு ஆளிடம் இல்லை. முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்த தொகையில்.

''அதுக்கு முந்தின ராத்திரி கரன்ட் போச்சா?''

''ரெண்டு மணி நேரம், சித்தப்பா.''

கரன்ட் திரும்பியதும் போர்டு, தான் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்திருக்கிறது. இருட்டில் கழிந்த இரண்டு மணி நேரம் அதன் வாழ்க்கையிலேயே கிடையாது. இதற்கென்று பட்டன் பேட்டரியோடு தனிக் கடிகாரச் சிப் விற்கிறது. நல்ல ரகம் வருஷத்துக்கு ஒரு நிமிஷம் பிசகினால் அதிகம். பையன் அன்றைக்கே வாங்கி மாட்டிவிட்டான்.

ஆனால், பழைய கணக்கில் இரண்டு மணி நேரத்தைக் கூட்டிப் போட்டேன். அவர் 6.10. எங்கள் முறை நாட்களில் அண்ணன் தொடங்கியது... 5.30, 5.25. கரன்ட் போவதற்கு முந்தைய நாட்களிலும் அப்படியே.

பையனைப் பார்த்தேன். அவன் கிணற்றைப் பார்த்தான்.

''எனக்குத் தெரியும் சித்தப்பா. நான் சொன்னா அப்பா அடிக்க வருவாங்க. அதான் உங்ககிட்ட குடுத்தேன்.''

மறுநாள் காலை கிணற்றடியில் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு வாசித்தேன். இதழியலில் இருபது வருஷம் இருந்து எத்தனையோ வாசித்திருக்கிறேன், இப்படித் தொண்டை வறண்டதில்லை. அண்ணன் விரலால் திரையை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

''அரை மணி நேரம்தானே...''

பெரியப்பா மகன் அவரைப் பார்க்கவில்லை. பையனிடம் கேட்டார்.

''நான் ஓட்டுறதும் இதுல பதியுமாலே?''

''பதியும் பெரியப்பா.''

''அப்ப இருக்கட்டும்'' என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை மாற்றப் போய்விட்டார்.