பெரிய எழுத்தும் பெருங்குரலும்

எழுத்துக்கும் குரல் உண்டு. அமைதியாக அமர்ந்து பேசும் எழுத்தும் உண்டு; வாசலில் நின்று கூச்சலிடும் எழுத்தும் உண்டு. இந்நாளில் கைப்பேசி வழியே ஆங்கிலத்தில் செய்தி விடுப்போருள் சிலர், முதல் எழுத்திலிருந்து இறுதி எழுத்து வரை 'கேபிடல்' எனப்படும் பெரிய எழுத்துகளிலேயே எழுதிவிடுகின்றனர். நலம் விசாரிப்பதும் பெரிய எழுத்தில். பெருநாள் வாழ்த்தும் பெரிய எழுத்தில். மீன் வாங்கி வரச் சொல்வதும் பெரிய எழுத்தில்! படிப்பவர்க்கோ, காதருகே ஒருவர் கத்துவது போன்ற உணர்வு.

தமிழும் அரபியும் ஓதிப் பழகிய நமக்கு இது புறத்திருந்து வந்த தொல்லையே. இவ்விரு மொழிகளின் எழுத்துகளிலும் ஆங்கிலத்தில் உள்ளது போன்ற பெரிது, சிறிது என்னும் பாகுபாடு இல்லை. அழுத்தம் வேண்டுமிடத்து நாம் சொல்லைக் கொண்டே அதனைப் பெறுகிறோம். 'நீ வா' என்பதற்கும் 'நீயே வா' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஏகாரம் காட்டிவிடுகிறதன்றோ?

ஆங்கிலத்திலும் பெரிய எழுத்துக்கு ஓர் இடம் உண்டு. வாக்கியத்தின் தொடக்கத்தையும் பெயர்களையும் அது சுட்டும். எங்கும் அதுவே நிறைந்தால் எதனையும் சுட்டாது, கண்ணும் சோர்வடையும். முழுதும் பெரிய எழுத்தில் அச்சிட்ட பகுதிகளை மக்கள் மெதுவாகவே படிக்கின்றனர் என்பதை அமெரிக்க உளவியல் அறிஞர் மைல்ஸ் டிங்கர் தம் ஆய்வுகளில் கண்டறிந்தார்.

எனினும், அவ்வாறு எழுதுவோர் யாவரும் சினங்கொண்டோர் அல்லர். எங்கள் மாமா ஒருவர் தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மோர்சுக் குறிகளில் இருவகை எழுத்து இல்லை. தொலை அச்சுப்பொறியும் பெரிய எழுத்துகளையே அடித்தது. இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவை முடிவுற்றது. மாமாவின் விரல்களில் மட்டும் அது முடிவுறவில்லை. வெளிநாட்டில் பயிலும் பேரனுக்கு, "சாப்பிட்டாயா? ஏன் பேசவில்லை?" என்று பாசத்தோடு அவர் கேட்டதெல்லாம் பெரிய எழுத்தில் போய்ச் சேர்ந்தது. பேரன் மெல்ல மெல்லப் பதில் எழுதுவதையே நிறுத்திவிட்டான். விடுமுறையில் வந்தவனிடம் காரணம் வினவினோம். "நன்னா எப்போதும் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறார்" என்றான். மாமாவின் கண்கள் கலங்கிவிட்டன. இருவர்க்கும் நாம் விளக்கிச் சொன்ன பிறகே அந்த மனத்தாங்கல் நீங்கிற்று. எழுத்தின் வடிவம் ஓராண்டுக் காலம் ஒரு பாட்டனாரையும் பேரனையும் பிரித்து வைத்திருந்தது!

ஆகவே, முதியோரின் பெரிய எழுத்தைக் கண்டு இளையோர் சினம் என்று முடிவு கட்டலாகாது. அதுபோலவே, பிறர் தம்மைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே பெரிய எழுத்தைக் கையாளுவோரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எப்போதும் உரத்துப் பேசுபவனுக்கு, ஆபத்து வரும்போது உயர்த்துவதற்கு வேறு குரல் இராது.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. அமெரிக்க தேசிய வானிலைத் துறை, தொலை அச்சுப்பொறிக் காலத்து வழக்கத்தை ஒட்டி, முன்னறிவிப்புகளை நெடுங்காலம் பெரிய எழுத்திலேயே வெளியிட்டு வந்தது. இன்று வெயில் என்பதும் நாளை புயல் என்பதும் ஒரே தோற்றத்தில் இருந்தன. கருவிகள் மாறிய பின்னும் வழக்கம் மாறவில்லை. 2016 மே மாதத்தில்தான் அத்துறை அவ்வழக்கத்தைக் கைவிடத் தொடங்கியது. ஆயினும், மிகக் கொடிய ஆபத்து நேருங்கால் எச்சரிக்கையில் பெரிய எழுத்தைப் பயன்படுத்தும் உரிமையை வானிலையாளர்க்கு விட்டு வைத்தது. நாள்தோறும் ஒலித்த கூச்சல் ஓய்ந்தமையால், உயிர் காக்கும் ஓர் எச்சரிக்கைக்கு இடம் கிடைத்தது.

இல்லங்களிலும் இம்முறையே ஏற்றது. மருத்துவமனையிலிருந்து விடுக்கும் செய்திக்கும் மளிகைப் பட்டியலுக்கும் வேற்றுமை தெரிய வேண்டாவா? பெரிய எழுத்தை நெருக்கடிக்கென ஒதுக்கி வைப்போம். மற்ற நேரங்களில், எதிரே அமர்ந்திருப்பவரிடம் எந்தக் குரலில் பேசுவோமோ அந்தக் குரலிலேயே எழுதுவோம்.